மாடிப்படிக்கு அடியில் இருபத்து நான்கு கட்டிகள்

என் மாமியார் என் ஆராய்ச்சியை ஒரே வரியில் சொல்லிவிடுவார். "எம் மருமக அணுக்கழிவைச் சிமிட்டில ஊறுகா போடுறா." நான்கு வருடமாகப் பக்கம் பக்கமாக எழுதியும் இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் அதை அவர் பொன்னமராவதியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொன்னார். எனக்கு இந்தப் பக்கம் இருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அப்போது பாயசம் இன்னும் வரவில்லை. பாயசத்துக்கு முன்னால் பந்தியை விட்டு எழுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் வீடு அன்னவாசல் பக்கம். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், கூடவே பகுதி நேர ஆராய்ச்சி. அணுமின் நிலையங்களில் கழுவிய தண்ணீர், வடிகட்டிய வண்டல் என்று வீரியம் குறைந்த கழிவு நிறையச் சேரும். அதைத் தண்ணீராகவே வைத்திருந்தால் என்றைக்காவது ஒழுகும். அதனால் சிமென்ட்டில் குழைத்து, பீப்பாயில் ஊற்றி, இறுக விட்டுவிடுகிறார்கள். கல்லாகிவிட்டால் எங்கே ஓடும் என்று கேட்பீர்கள். ஓடும். சீசியம் என்று ஒன்று இருக்கிறது, சரியான ஓடுகாலி. கல்லுக்குள் பூட்டி வைத்தாலும், கல் தண்ணீரில் ஊறினால் நைசாக வெளியே வந்துவிடும். சிமென்ட்டோடு தகுந்த களிமண்ணைச் சேர்த்தால் அந்தக் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்தக் களிமண், எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கட்டிகளில் கதிரியக்கம் கிடையாது. கிடையவே கிடையாது. புட்டியில் விற்கிற சாதா சீசியம் உப்பைத்தான் போடுகிறேன். தண்ணீரைக் கண்டால் கதிரியக்கச் சீசியமும் இதுவும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், இதில் கதிர் மட்டும் வராது. இதைப் பால்காரருக்குச் சொன்னேன், தபால்காரருக்குச் சொன்னேன், சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குச் சொன்னேன். "இருட்டுல மின்னுமாங்க டீச்சர்?" என்று கேட்ட பஸ் கண்டக்டரிடம், "மின்னுனா நான் ஏன்யா கரண்டு பில்லு கட்டுறேன்?" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அதை என் மாமியார் தனியாக ஒரு வரியில் சொல்வார், அது இங்கே வேண்டாம்.

கட்டி என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம். நான்கு வகைக் கலவை, வகைக்கு ஆறு, ஆக இருபத்து நான்கு. ஈரம் குறையாமல், வெயில் படாமல், தொண்ணூறு நாள் இறுக வேண்டும். கல்லூரியில் எனக்குக் கொடுத்த அறைக்கு மேலே தகரக் கூரை. மத்தியானம் அங்கே அப்பளம் பொரிக்கலாம். எங்கள் வீட்டிலேயே குளுமையான இடம் மாடிப்படிக்கு அடிதான். அங்கே ஒரு நீல டப்பில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே கம்பி வலை போட்டு, அதன்மேல் கட்டிகளை அடுக்கி மூடி வைத்திருந்தேன். தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். கட்டி எங்கேயும் போகாது என்று தெரியும், இருந்தாலும் பார்ப்பேன். "அடை வச்ச கோழி மாதிரி ஏந்தான் இப்புடிப் பண்றியோ" என்பார் மாமியார்.

தொண்ணூறாவது நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. மறுநாளே அவற்றைக் கடற்கரையோரம் இருக்கும் ஒரு சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே எனக்கு ஒரே ஒரு முறைதான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். என் ஆராய்ச்சிப் பதிவோ இரண்டு மாதத்தில் முடிகிறது. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாகிவிட்டது, இனி நீட்ட மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். இந்த இருபத்து நான்கும் போனால் நான்கு வருடமும் போச்சு. மறுபடி ஊற்றித் தொண்ணூறு நாள் காத்திருக்க எனக்கு நாள் கிடையாது.

இந்த நேரத்தில்தானா எங்கள் வீட்டுக்கு மாடி கட்ட வேண்டும்? என் மாமனாருக்கு அப்போதுதான் வேளை வந்தது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், அவர் திரும்பி வந்தால் இருக்க மேலே இரண்டு அறை. பொன்னமராவதிக் கொத்தனார் ஒருவர் வேலையை எடுத்திருந்தார். கெட்டிக்காரர், ஆனால் வாய் ஓயாது. சுவர் எழும்பி, அந்த அறைகளின் மேல்தளத்துக்குக் கம்பி கட்டினார்கள். கம்பி கீழே பலகையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அடியில் சின்னச் சின்னச் சிமென்ட் கட்டிகளை முட்டுக் கொடுப்பார்கள். கவர் பிளாக் என்று பேர். அதைக் கொத்தனாரே ஊற்றி, ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீரில் போட்டு ஊற வைத்திருந்தார். எங்கே வைத்தார்? வீட்டிலேயே குளுமையான இடத்தில். என் டப்புக்குப் பக்கத்தில்.

டப்பின்மேல் நான் எச்சரிக்கை ஒட்டாமல் இல்லை. ஒட்டியிருந்தேன், ஆங்கிலத்தில். ஆய்வகத்தில் எழுதி எழுதிப் பழகிய கை. எங்கள் வீட்டில் மாமனார் மாமியார் இருவருக்கும் ஆங்கிலம் வராது. கொத்தனாருக்கும் வராது. யார் படிப்பார்கள் என்று எழுதினேனோ, அந்த வெள்ளைக்காரன் கடைசிவரை வரவேயில்லை.

தளம் போடுகிற நாள் வெள்ளிக்கிழமை. நாள் குறித்தவர் மாமனார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமாவுக்கு ராகு காலம் என்றால் அப்படியொரு பயம். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். கண் புரைக்கு ஆபரேஷன் செய்யப் போன இடத்தில், "ஒண்ணரை மணி கழிச்சு வாரேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தவர். எனக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது, அதை மறைத்ததும் கிடையாது. "வெள்ளிக்கெழம பத்தரைக்கு எனக்கு கிளாஸ் மாமா. வாராவாரம் ராகு காலத்துலதான் பாடம் ஆரம்பிக்கிறேன். புள்ளைக பாஸாகத்தான் செய்யுது" என்பேன். "பாஸான புள்ளையச் சொல்லுற, பெயிலானதச் சொல்லலையே ஆத்தா" என்பார்.

அன்றைக்கு ஒன்பதேகாலுக்கு ஈசானி மூலையில் சூடம் காட்டி, முதல் சட்டிக் கலவையை அவரே கொட்டினார். பத்தரைக்கு ராகு காலம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேண்டுமென்றே கேட்டேன். "நல்ல நேரத்துல தொடங்கிட்டா ஓடுற வேலைக்கு ராகு காலம் கெடையாது. நடுவுல நிறுத்தித் திரும்பத் தொடங்குனாத்தான் ஆகாது" என்றார். எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருப்பார் மனிதர்.

நான் கல்லூரிக்கு லீவு போட்டிருந்தேன். ஆட்களுக்கு இட்லி, டீ, பிறகு கேசரி என்று காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. டப்பைப் போய்ப் பார்க்கவும் இல்லை. தொண்ணூறு நாளில் அன்று ஒருநாள்தான் தவறவிட்டேன். பத்தரை மணிவாக்கில் கை ஒழிந்ததும் படிக்கு அடியில் போனேன். டப்பு திறந்து கிடந்தது. கம்பி வலையின்மேல் கொத்தனாரின் சாப்பாட்டுத் தூக்கும், ஒரு ஜோடி செருப்பும் இருந்தன. கட்டி ஒன்றுகூட இல்லை.

நைட்டியும் தோளில் துண்டுமாக அப்படியே மாடி ஏறினேன். கலவை மெஷின் கீழே தடதடவென்று ஓடுகிறது. சித்தாள் பெண்கள் வரிசையில் நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். தளத்தில் பாதிக்குமேல் கலவை வந்துவிட்டது. கொத்தனார் நடுவில் நின்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"படிக்கு அடியில நீல டப்புல இருந்த கட்டியெல்லாம் எங்க?" என்று கத்தினேன்.

"அதுங்களா டீச்சர்? நேத்துச் சாயந்தரம் கவர் பிளாக்கு பத்தல. பாத்தா ஒங்க டப்புல அம்சமா கெடக்கு. அந்தா, படிப் பக்கத்து மூலையில முட்டுக் குடுத்தாச்சு." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "என்னமா எறுகியிருக்கு! நம்பரெல்லாம் போட்டிருக்கவும் கம்பெனிச் சரக்குன்னுல்ல நெனச்சேன். ஐயா வாங்குனாகளா?"

என் நான்கு வருட உழைப்பை அப்படி மனசார யாருமே பாராட்டியதில்லை. என்னை வழிநடத்தும் பேராசிரியர் "ம்" என்பதைத் தாண்டியதில்லை. சந்தோஷப்படக்கூட நேரமில்லை. கலவை அந்த மூலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"அதை எடுக்கணும். அது என் ஆராய்ச்சிக் கட்டி" என்றேன்.

சட்டிகள் சட்டென்று நின்றன. மாமியாரின் ஊறுகாய்க் கதை ஊர் முழுக்கத் தெரியும். ஒரு சித்தாள் காலைத் தூக்கி அடிப்பாதத்தைப் பார்த்துக்கொண்டாள். கொத்தனாரின் குரல் இறங்கிவிட்டது.

"டீச்சர், அந்த அணு... அதுங்களா? ஆபத்துங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் கீழே குதித்திருப்பார்கள். நான் ஆற அமர என் கட்டிகளைப் பொறுக்கியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடமாக இல்லை இல்லை என்று தொண்டை வற்றக் கத்தியதும் இதே வாய்தானே? இன்றைக்கு ஆமாம் என்றால், அந்த வீட்டில் பிறகு யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்? இந்தப் பெண்கள் ராத்திரி எப்படித் தூங்குவார்கள்?

"ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்லை. கையில புடிக்கலாம். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

கொத்தனாருக்குப் போன உயிர் வந்தது. "அப்பறம் என்னங்க! அது பாட்டுக்குக் கெடக்கட்டும். வீட்டை விட்டு எங்கிட்டுப் போகப்போவுது? ஏய், சட்டியை விடுங்கத்தா!"

என் உண்மையே என் கழுத்தைப் பிடித்தது. ஆபத்து என்றால் ஓடுவார்கள். ஆபத்தில்லை என்றால் தர மாட்டார்கள். பரீட்சை, சோதனைக்கூடம், பதிவு என்று என்னென்னவோ சொன்னேன். "நாளைக்கே நூறு ஊத்தித் தாரேன் டீச்சர்" என்றார். தொண்ணூறு நாள் ஆகணும் என்றேன். "நம்ம சிமிட்டு ஏழு நாள்ல எறுகிரும்" என்றார். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. விடுவிடுவென்று போய் அந்த மூலையில் கம்பிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் காய்ந்த கம்பி என்ன சூடு சுட்டது என்று நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. "இப்பக் கொட்டுங்க பாப்போம்! எம்மேல கொட்டுங்க!" என்றேன்.

சித்தாள் பெண்கள் சிரித்தார்கள். மாமியார் படி முகப்பில் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள்ளிருந்து சிங்கப்பூர் "என்னம்மா ஆச்சு? ஏன் அவ கம்பியில ஒக்காந்துருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மாமா குடையோடு வந்து என் முன்னால் நின்றார்.

"என்னத்தா இது?"

எல்லாக் காரணத்தையும் மறுபடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "எனக்கு வேணும் மாமா" என்றேன். நாற்பது பேர் நடுவில் அழுதும்விட்டேன். கல்யாணமாகி வந்து ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் எதையும் எனக்கு வேணும் என்று கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. ராகு காலம் தொடங்கிப் பத்து நிமிடம்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுப்பா" என்றார்.

கொத்தனார் பதறிப்போனார். "ஐயா, இப்ப நிறுத்துனா ராகு காலத்துலல்ல திரும்ப ஓட்டணும்! பன்னெண்டு மணி வரைக்கும் போட்டு வைக்க முடியாதுங்க. போட்ட கலவை எறுகிட்டா ஜாயின்ட்டு விழுந்துரும், மழையில ஒழுகும்."

"தெரியுது. நிறுத்து."

மெஷின் நின்றது. அந்த அமைதியில் கீழே ஆடு கத்தியது கேட்டது. மாமா குடையை மடக்கி மாமியாரிடம் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொத்தனார் கடப்பாரையால் கம்பியை ஒரு இஞ்ச் நெம்ப, நான் கையை விட்டு எடுக்க, மாமா கண்ணாடியை மூக்கில் ஏற்றி நம்பரைப் படித்தார். "பதினேழு!" என்று அவர் கத்தினால், மேலே நின்ற பெண்களில் ஒருத்தி "உள்ளேன் ஐயா!" என்றாள். அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு உள்ளேன் ஐயா வந்தது. எடுத்த இடத்தில் முட்டுக் கொடுக்க என்ன செய்வது என்று கொத்தனார் முனகியதும், அடுப்படி மேடைக்கு வாங்கிய கிரானைட்டில் மிஞ்சிய துண்டுகளை மாமியார் முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். அவரிடம் சிங்கப்பூரை யார் வாங்கி வைத்திருந்தார்களோ தெரியாது.

இருபத்து மூன்று வந்துவிட்டது. ஒன்பதாம் நம்பரைக் காணோம். எனக்கு இப்போது கவலை கட்டிக்காக இல்லை. காய்ந்துகொண்டிருந்த கலவையின் ஓரத்தைப் பார்த்துத்தான். "போதும் மாமா. அந்த வகையில அஞ்சு இருக்கு, அதை வச்சே ஒப்பேத்திருவேன். மெஷினை ஓட்டச் சொல்லுங்க" என்றேன்.

"இருபத்து நாலுதானே சொன்ன?"

"ஆமா, ஆனா—"

"நிறுத்தியாச்சுல்ல? அப்ப முழுசா எடுத்துக்க." மறுபடி மண்டியிட்டுக் கம்பிக்கு அடியில் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் தொண்டையைச் செருமினார். முகத்தில் அசடு வழிந்தது. சட்டைப் பையில் கைவிட்டு ஒன்பதாம் நம்பரை எடுத்து நீட்டினார். "அடுத்த சைட்டுல காட்டலாமேன்னு... இதே மாதிரி ஊத்தணும்னு ஆளுககிட்டச் சொல்ல..." மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒன்பதாம் நம்பருக்கு அத்தனை பெண்களும் சேர்ந்து உள்ளேன் ஐயா சொன்னார்கள்.

பதினொன்று இருபதுக்கு மெஷின் திரும்ப ஓடியது. நல்ல ராகு காலம். காய்ந்த விளிம்பில், பழசும் புதுசும் ஒட்ட, சிமென்ட் பாலை மாமாவே ஊற்றினார், ஒரு இடம் மிச்சம் விடாமல், வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே. "கண்ணு ஆபரேஷனுக்கே நேரம் பாத்த மனுசன்" என்றார் மாமியார் என் காதில். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று நான் கவனிக்கவில்லை. நான் கட்டிகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கட்டிகள் சோதனைக்கூடம் போயின. வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறின. நான்கில் ஒரு வகை, அந்த ஒன்பதாம் நம்பர் வகைதான், சீசியத்தை மற்றதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆய்வேட்டில் ஒரு வரியும் எழுதினேன்: மாதிரிகள் எதிர்பாராத காரணத்தால் ஓர் இரவு திறந்தவெளியில் இருக்க நேர்ந்தது. அது என்ன எதிர்பாராத காரணம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். சொன்னேன். தேர்வாளர் சிரித்த சிரிப்பில் அடுத்த கேள்வியை மறந்துவிட்டார். பட்டம் வந்தது.

ஆனால் என் மனசு ஆற ஐப்பசி மழை வரவேண்டியிருந்தது. ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன், இப்போதும் இல்லை. ஜாயின்ட்டில் எனக்கு நம்பிக்கை உண்டு. காய்ந்த கலவையும் புதுக் கலவையும் சேரும் இடத்தில் தண்ணீர் எப்படி வழி தேடும் என்பது என் தொழில், எனக்குத் தெரியாதா? அந்தத் தளம் ஒழுகினால் அது என்னால்தான். மாமா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவர் கேட்காமல் இருப்பதை எப்படித் தாங்குவது என்பதுதான் என் பயம். வெயில்காலம் முழுக்க அண்ணாந்து அண்ணாந்து அந்த ஜாயின்ட்டுக் கோட்டைப் பார்த்தே கழித்தேன்.

முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்தது. ஒரு மணி நேரம் விடாமல் கொட்டியதும், கரண்டியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

புது அறையில் மாமா இருந்தார். ஸ்டூல்மேல் ஏறி நின்று, உள்ளங்கையைக் கூரையில் வைத்து, அந்தக் கோடு நெடுகத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"சும்மா... ஃபேன் கொக்கி சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்" என்றார்.

கொக்கி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. "ஒழுகுதா மாமா?" என்றேன்.

"இல்லத்தா. காஞ்சு கெடக்கு."

ஒரு கை கூரையில் இருந்தது, இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். நான் அந்தப் பக்கம் சுற்றி வந்து பார்த்தேன். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அது நிறையக் குழைத்த சிமென்ட், மேலே ஒரு சின்னக் கரண்டி. ஒழுகியிருந்தால் நான் மேலே வருவதற்குள் பூசி மறைத்திருப்பார்.